வீரப்பன் காட்டுக்கு ஒரு சீனிவாஸ் சாலை!

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ். ஜன்னல் ஓரத்தில் என் அக்காள் மகன் உட்கார்ந்திருந்தான். வயது பத்து. கொளத்தூர் தாண்டியதும் வயல்கள் குறைந்தன. இரண்டு பக்கமும் பாறையும் முள்ளும் காய்ந்த மரங்களும் வந்தன. பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மாமா, இதுதானே வீரப்பன் காடு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் முந்திக்கொண்டார்.

"ஆமா கண்ணு. அந்தா தெரியுது பாரு மலை, அதுக்கு அந்தப் பக்கம் எல்லாம் வீரப்பன் காடுதான்."

அவ்வளவுதான். பஸ்சில் பாதிப் பேர் கதை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மீசை எவ்வளவு நீளம் என்று ஒருவர் கையால் அளந்து காட்டினார். நடிகர் ராஜ்குமாரைக் கடத்தியதை இன்னொருவர் சொன்னார். அவன் யானை மாதிரி பிளிறுவான், குயில் மாதிரி கூவுவான் என்றார் மூன்றாமவர். பையன் வாய் பிளந்து கேட்டான். பிறகு ஒரு கேள்வி கேட்டான்.

"அவனைப் பிடிக்க யாருமே வரலியா?"

"வராம என்ன? எத்தனையோ பேரு வந்தாங்க. பாவம், செத்தாங்க."

"அவங்க பேரு என்ன?"

பஸ்சில் யாரும் பேசவில்லை. மீசையை அளந்து காட்டியவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

வீரப்பன் 2004-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 18-ந் தேதி தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக்கொல்லப்பட்டான். அவன் செத்த பிறகு பிறந்த பிள்ளை இவன். இவனுக்குக்கூட அந்தக் காட்டின் பெயர் தெரிந்திருக்கிறது. அந்தப் பெயர் எந்தச் சர்க்கார் தஸ்தாவேஜிலும் இல்லை. மக்கள் வாயில் இருக்கிறது. கொன்றவன் பெயர் காட்டுக்கு நிலைத்துவிட்டது. கொல்லப்பட்டவர் பெயர்?

பையனிடம் நான் ஒரு பெயரைச் சொன்னேன். அதை உங்களிடமும் சொல்கிறேன்.

யார் இந்த சீனிவாஸ்?

பந்தில்லபள்ளி சீனிவாஸ். ஆந்திராவில் கோதாவரிக் கரையில் உள்ள ராஜமகேந்திரவரம் அவர் ஊர். 1954-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12-ந் தேதி பிறந்தார். நன்றாகப் படித்தார். இந்திய வனப் பணிக்குத் தேர்வானார். கர்நாடகத்தில் உத்தியோகம் கிடைத்தது.

வனத்துறையில் பெரிய அதிகாரி என்றால் பங்களா உண்டு. ஜீப் உண்டு. கூப்பிட்ட குரலுக்கு ஆள் உண்டு. காகிதத்தில் கையெழுத்துப் போட்டே காலத்தை ஓட்டிவிடலாம். சீனிவாஸ் அப்படி இருக்கவில்லை. சந்தன மரம் வெட்டுகிறவர்களையும், தந்தத்துக்காக யானையைச் சுடுகிறவர்களையும் தேடிக் காட்டுக்குள் போனார்.

அந்தக் காலத்தில் வீரப்பன் பெயர் வெளியில் அதிகம் தெரியாது. 1986-ம் ஆண்டு அவன் பிடிபட்டான். அவனை விசாரித்தவர் சீனிவாஸ். சாமராஜநகர் பக்கத்தில் ஒரு வன விடுதியில் அடைத்து வைத்திருந்தார்கள். சீனிவாஸ் அங்கே இல்லாத நேரத்தில் அவன் தப்பிவிட்டான். எப்படித் தப்பினான் என்பதற்கு ஊருக்கு ஒரு கதை உண்டு.

கைக்குள் வந்தவன் நழுவிவிட்டான். அடுத்த 18 ஆண்டுகள் அவன் யார் கையிலும் சிக்கவில்லை. அந்த ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அவனாலும் அவன் கூட்டத்தாலும் மாண்டார்கள்.

1990-ம் ஆண்டு அவனைப் பிடிக்கத் தனிப் படை அமைத்தார்கள். சீனிவாஸ் அதில் சேர்ந்தார். சேர்ந்தவர் எங்கே போய்த் தங்கினார் தெரியுமா? கோபிநத்தம் கிராமத்தில். அது வீரப்பன் பிறந்த ஊர்!

மருந்து வண்டி

கோபிநத்தம் காவிரி ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதேஸ்வரன் மலைப் பாதையில் பாலாற்றைத் தாண்டியதும் ஒரு கிளைச் சாலை பிரிகிறது. அதில் போனால் கோபிநத்தம் வரும். அதையும் தாண்டிப் போனால் ஒகேனக்கல்.

ஊர் கர்நாடகத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே பேச்சு தமிழ்தான். இதில் ஆச்சரியம் இல்லை. 1956-ம் ஆண்டு வரை கொள்ளேகால் தாலுகா முழுவதும் நம் கோவை ஜில்லாவில்தான் இருந்தது. மாநிலங்களைப் பிரித்தபோது மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்தது. ராஜ்யம் மாறியது. ஊரார் பேச்சு மாறவில்லை. மாரியம்மனும் மாறவில்லை.

வறண்ட பூமி. மழை பெய்தால் சோளம். பெய்யாவிட்டால் காடு. காட்டில் மரம் வெட்டக் கூலி கொடுத்தான் வீரப்பன். வெட்டினார்கள். வெட்டியவர்கள் மேல் வழக்கு வந்தது. வழக்குக்குப் பயந்து காட்டுக்குள் ஓடினார்கள். ஓடியவர்கள் அவன் கூட்டத்தில் சேர்ந்தார்கள். கூட்டம் பெருகியது இப்படித்தான்.

இதைச் சீனிவாஸ் புரிந்துகொண்டார். துப்பாக்கியால் மட்டும் இந்தக் கூட்டத்தைக் கலைக்க முடியாது, ஊரை நம் பக்கம் இழுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

ஊருக்கு ஆஸ்பத்திரி கிடையாது. ஒரு மருந்து வண்டி கொண்டு வந்தார். அவரே ஓட்டினார். காய்ச்சல் என்றால் மாத்திரை. பிரசவ வலி என்றால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். குடிதண்ணீருக்கு வழி செய்தார். ஊர் மாரியம்மனுக்குக் கோவில் கட்டித் தந்தார். காட்டிலிருந்து திரும்பி வருகிறவர்கள் கோர்ட்டில் சரணடையவும், பிறகு பிழைத்துக்கொள்ளவும் உதவி செய்தார். பலர் வந்தார்கள்.

கொள்ளைக்காரனின் சொந்த ஊரில், கொள்ளைக்காரனைப் பிடிக்க வந்த அதிகாரி கோவில் கட்டுகிறார்! காட்டுக்குள் இருந்த வீரப்பனுக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்? துப்பாக்கிக்கு அவன் பயப்படவில்லை. ஊர் தன் கையை விட்டுப் போகிறதே என்றுதான் பயந்திருப்பான். இது என் ஊகம்.

அதற்குள் இன்னொன்று நடந்தது. வீரப்பனின் தங்கை தற்கொலை செய்துகொண்டாள். அதற்குச் சீனிவாஸ்தான் காரணம் என்று அவன் பழி போட்டான். வஞ்சம் வைத்தான்.

"ஆயுதம் இல்லாமல் வா!"

1991-ம் ஆண்டு நவம்பர் மாதம்.

வீரப்பனின் தம்பி அர்ச்சுனன். அவன் சீனிவாஸ் பேச்சைக் கேட்டு நல்ல வழிக்கு வந்தவன் போல் இருந்தான். அவன் மூலமாகச் செய்தி வந்தது.

"வீரப்பன் சரணடையத் தயார். ஆனால் நீங்கள் தனியாக வர வேண்டும். ஆயுதம் கூடாது. போலீஸ் கூடாது."

நீங்களாக இருந்தால் போவீர்களா? நான் போக மாட்டேன். யாரைக் கேட்டாலும் போகாதே என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் சீனிவாசுக்கு ஒரு கணக்கு இருந்தது. இத்தனை பேர் தன் வார்த்தையை நம்பிச் சரணடைந்திருக்கிறார்கள். அவர்களுடைய தலைவன் வருகிறேன் என்கிறான். நம்பாமல் படையோடு போனால் தன் வார்த்தைக்கு இனி மதிப்பு இல்லை. நம்பிப் போனால், ஒரு துப்பாக்கி வெடிக்காமல் எல்லாம் முடிந்துவிடும்.

போனார்.

10-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. இருள் பிரியாத நேரம். கோபிநத்தத்திலிருந்து காட்டுப் பாதையில் நடந்தார். கையில் துப்பாக்கி இல்லை. அர்ச்சுனன் கூட வந்தான். ஊர்க்காரர்கள் சிலரும் உடன் நடந்தார்கள். சில மைல் தூரம் போனார்கள். எரக்கேயம் என்ற இடம் வந்தது.

புதருக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. சீனிவாஸ் சாய்ந்தார்.

வீரப்பன் அதோடு விடவில்லை. அவர் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு போனான். சுமார் மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் அது கிடைத்தது. குழந்தைகள் படிக்கும் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். அவன் மீசையைப் பற்றி அளந்து பேசுகிறோமே, இதையும் தெரிந்துகொண்டு பேசட்டும் என்று எழுதிவிட்டேன்.

சீனிவாசுக்கு அப்போது வயது 37.

அடுத்த குடியரசு தினத்தன்று, 1992-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி, அவருக்குக் கீர்த்தி சக்கரம் அறிவிக்கப்பட்டது. போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு அளிக்கப்படும் விருதுகளில் அசோக சக்கரத்துக்கு அடுத்தது அது.

கோவிலில் ஒரு படம்

அவர் போன பிறகு அந்தக் காட்டில் நடந்தவை பெரிய கதை. 1993-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9-ந் தேதி பாலாற்றுக்குப் பக்கத்தில் கண்ணிவெடி வெடித்தது. போலீசாரும் வனத்துறையினரும் அவர்களுக்கு உதவி செய்தவர்களுமாக 22 பேர் மாண்டார்கள். பிறகு தேடுதல் வேட்டை. அதில் ஊர் மக்கள் பட்ட பாடும் கொஞ்சம் அல்ல. குற்றம் செய்தவனைத் தேடிப் போய், குற்றம் செய்யாதவர்களை அடித்ததாகப் புகார்கள் குவிந்தன. விசாரணை நடந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் கொடுக்கும்படி தேசிய மனித உரிமை ஆணையம் 2007-ம் ஆண்டு சொன்னது.

ஒரு பக்கம் கொள்ளைக்காரன். மறு பக்கம் தடியடி. நடுவில் மருந்து வண்டி ஓட்டிய ஒரு மனிதரை ஊர் மறக்குமா?

கோபிநத்தம் மாரியம்மன் கோவிலில் சீனிவாசின் படம் இருக்கிறது. அம்மனைக் கும்பிட வருகிறவர்கள் அந்தப் படத்தையும் கும்பிடுகிறார்கள். அவர் விழுந்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர் ஓட்டிய ஜீப்பை வனத்துறையினர் பழுதுபார்த்துப் பாதுகாத்து வருகிறார்கள்.

ஊர் தன் கடமையைச் செய்துவிட்டது. வனத்துறையும் செய்துவிட்டது. ஆனால் கோவில் ஊருக்குள் இருக்கிறது. நினைவுச் சின்னம் காட்டுக்குள் இருக்கிறது. அந்தப் பக்கம் பஸ்சில் போகிறவன் இரண்டையும் பார்க்க மாட்டான். சாலையைத்தான் பார்ப்பான். அதனால்தான் சொல்கிறேன்: பாலாற்றிலிருந்து கோபிநத்தம் வழியாகப் போகும் அந்தச் சாலைக்கு அவர் பெயரை வைத்தால் என்ன?

காரைக் குறுக்கே நிறுத்திய தாய்

சாலைக்கு இப்படிப் பெயர் வைக்கும் வழக்கம் அமெரிக்காவில் மிகுதி. அங்கே நெடுஞ்சாலைகளுக்கு எண்தான் உண்டு. அந்த எண்ணை மாற்ற மாட்டார்கள். சாலையில் ஒரு துண்டை மட்டும், சில மைல் தூரத்தை, ஒருவர் நினைவுக்கு என்று ஒதுக்குவார்கள். கடமையில் மாண்ட போலீஸ்காரர், தீயணைப்பு வீரர், பூங்காக் காவலர் ஆகியோர் பெயர்கள் அந்தத் துண்டுகளுக்கு வரும். இந்தச் சந்திப்பிலிருந்து அந்தச் சந்திப்பு வரை என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுவார்கள். இரண்டு முனையிலும் பலகை நிற்கும்.

கலிபோர்னியாவில் இதற்கு ஒரு நல்ல நிபந்தனை வைத்திருக்கிறார்கள். சட்டசபை தீர்மானம் போடும். ஆனால் பலகைக்கான செலவைச் சர்க்கார் கொடுக்காது. ஊரார், நண்பர்கள், உடன் வேலை செய்தவர்கள் நன்கொடை திரட்டிக் கொடுக்க வேண்டும். பணம் சேர்ந்த பிறகுதான் பலகை. பெயர் வேண்டும் என்கிறவர்கள் கையிலிருந்து நாலு காசு வரட்டும் என்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது.

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்கள் நம் சரணாலயங்கள் மாதிரி. அவற்றைக் காக்கும் காவலர்களுக்கு அந்த நாட்டில் பெரிய மதிப்பு. ஒருவர் கதையை மட்டும் சொல்கிறேன்.

வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் என்ற பனிமலை இருக்கிறது. மார்கரெட் ஆண்டர்சன் அங்கே காவலர். வயது 34. கணவரும் அதே பூங்காவில் காவலர். இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகள்.

2012-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி. புத்தாண்டு விடுமுறை. மலை மேல் விருந்தினர் மண்டபத்தில் சுமார் 125 பேர் இருந்தார்கள். பனிச் சறுக்கு விளையாட வந்த குடும்பங்கள். பனிக்காலத்தில் மலை ஏறும் வண்டிகளின் சக்கரத்தில் சங்கிலி கட்டியிருக்க வேண்டும். அதைப் பார்க்க ஒரு சோதனைச் சாவடி உண்டு. அந்தச் சாவடியில் நிற்காமல் ஒரு கார் மேலே பறந்தது. ஓட்டியவன் முந்தின இரவு வேறோர் ஊரில் சிலரைச் சுட்டுவிட்டு வந்தவன். காரில் துப்பாக்கிகள். இது யாருக்கும் அப்போது தெரியாது.

மார்கரெட் மேலே இருந்தார். தன் காரைச் சாலையின் குறுக்கே நிறுத்தினார். அவன் வந்தான். அவர் காரை விட்டு இறங்குவதற்குள் சுட்டான். பிறகு பனிக்காட்டுக்குள் ஓடினான். மறுநாள் ஓர் ஓடையில் பிணமாகக் கிடந்தான்.

அந்தக் கார் மண்டபத்தை அடையவில்லை. 125 பேரும் வீடு திரும்பினார்கள்.

மார்கரெட் குடியிருந்த சிற்றூர் ஈட்டன்வில். அந்த ஊர்த் தபாலாபீசுக்கு அவர் பெயரை வைத்து அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே செய்தது. கடிதம் போட வருகிறவர், மணியார்டர் அனுப்ப வருகிறவர், எல்லோர் கண்ணிலும் அந்தப் பெயர் படுகிறது. மெக்சிகோ எல்லையில் அரிசோனா பாலைவனப் பூங்காவில் 2002-ம் ஆண்டு சுட்டுக்கொல்லப்பட்ட கிரிஸ் எகிள் என்ற 28 வயதுக் காவலரின் பெயரும், கலிபோர்னியாவில் 1973-ம் ஆண்டு கள்ள வேட்டைக்காரர்களால் கொல்லப்பட்ட கென்னத் பேட்ரிக் என்பவரின் பெயரும் அந்தந்தப் பூங்காவின் விருந்தினர் மண்டபத்தில் இருக்கின்றன. அந்த மண்டபத்துக்கு வருகிறவர் கண்ணில் அந்தப் பெயர் படும்.

நாய்க்கும் பெயர் இருக்கிறது

வெள்ளைக்காரனைப் பார்த்து நாம் இதைக் கற்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். நமக்கு இது பழைய பழக்கம்.

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊர். அங்கே ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல். சுமார் 1400 ஆண்டுகளுக்கு முந்தியது. மாடுகளைக் கவர வந்தவர்களோடு நடந்த சண்டையில் மாண்ட ஒரு வீரனின் உருவம் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அவன் காலடியில் ஒரு நாய். அதுவும் கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த நாய். அதன் பெயர் கோவிவன். வீரன் பெயரோடு நாயின் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்!

மாட்டைக் காத்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. காட்டைக் காத்த மனிதனின் பெயரைப் பஸ்சில் கேட்டால் தெரியவில்லை.

அந்த நடுகற்களை எங்கே நட்டார்கள்? ஆட்கள் நடமாடும் இடங்களில்தான் பெரும்பாலும் நட்டார்கள். வழிப்போக்கன் நிற்பான். பார்ப்பான். யார் என்று கேட்பான். இன்றைக்கு வழிப்போக்கன் பஸ்சில் போகிறான். அவனுக்கு ஏற்ற நடுகல் சாலைப் பலகைதான்.

பலகையில் என்ன எழுதுவது?

பெயர் வைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. மகாத்மா காந்தி ரோடு எத்தனை ஊரில் எம்.ஜி. ரோடு ஆகிவிட்டது, பாருங்கள். யார் பெயர் என்று அங்கே கடை வைத்திருப்பவருக்கே நினைவு இருப்பதில்லை. சீனிவாஸ் சாலையும் ஒரு நாள் எஸ். ரோடு ஆகிவிடக் கூடாது. ஆகவே வெறும் பெயர் போதாது. அவர் யார், எந்த ஆண்டு, எதற்காக மாண்டார் என்று இரண்டு வரி வேண்டும். கன்னடத்திலும் தமிழிலும் வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் படிக்கும்படி பெரிய எழுத்தில் வேண்டும்.

இன்னொரு சங்கடம் இதைவிடப் பெரியது. அந்தச் சாலை போவது காவிரி வன உயிர் சரணாலயத்தின் வழியாக. காட்டுக்குச் சாலையே ஒரு பகைவன். யானை குறுக்கே வரும். மான் குறுக்கே வரும். லாரி வேகமாக வரும். பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009-ம் ஆண்டு முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்தைத் தடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் பண்ணாரியிலிருந்து திம்பம் போகும் மலைச் சாலையிலும் 2022-ம் ஆண்டு ஐகோர்ட்டு உத்தரவின்படி இரவுக் கட்டுப்பாடு வந்தது. விலங்குகள் அடிபட்டுச் செத்ததுதான் காரணம்.

யானையைக் காக்க உயிர் கொடுத்தவர் பெயரில் ஒரு சாலை. அதில் லாரி மோதி ஒரு யானைக்குட்டி செத்தால்? நினைக்கவே கூசுகிறது. ஆகவே அவர் பெயருக்குக் கீழே "மெதுவாகச் செல்லவும்" என்றும் எழுத வேண்டும். பெயர் வைத்த கையோடு சாலையை அகலமாக்குகிறேன் என்று யாரும் கிளம்பவும் கூடாது. வளைவும் நெளிவும் குறுகலுமாக இருக்கிற மாதிரியே இருக்கட்டும். மந்திரி வந்து திறந்து வைத்து மாலை போட்டுக்கொண்டு போனால் மட்டும் போதாது.

இன்னும் சிலர்

ஒருவருக்கு வைத்தால் இன்னொருவருக்கு ஏன் இல்லை என்ற கேள்வி வரும். வரட்டும்.

தமிழ்நாட்டு வன அதிகாரி சிதம்பரத்தை வீரப்பன் 1987-ம் ஆண்டு சத்தியமங்கலம் காட்டில் கடத்திக் கொன்றான். சீனிவாசுக்கு நான்கு ஆண்டு முந்திய சாவு அது. நாகரஹொளே புலிகள் காப்பகத்தின் இயக்குனராக இருந்தவர் மணிகண்டன். நம் தமிழ்நாட்டுக்காரர். 2018-ம் ஆண்டு மார்ச் மாதம் 3-ந் தேதி காட்டுத் தீயால் ஏற்பட்ட சேதத்தைப் பார்க்கப் போன இடத்தில் யானை தாக்கி இறந்தார். மராட்டியத்தில் தடோபா காட்டில் வனக்காவலர் சுவாதி துமானே 2021-ம் ஆண்டு நவம்பர் மாதம் 20-ந் தேதி புலிக் கணக்கெடுப்புக்காக நடந்து போனபோது புலி அடித்து மாண்டார்.

புலியும் யானையும் வஞ்சம் வைத்துக் கொல்வதில்லை. ஆனால் வீட்டில் காத்திருக்கிறவர்களுக்கு எல்லாச் சாவும் ஒன்றுதான்.

செப்டம்பர் 11-ந் தேதி நம் நாட்டில் வனத் தியாகிகள் தினம். 1730-ம் ஆண்டு ராஜஸ்தானத்தில் கேஜர்லி என்ற ஊரில், அரண்மனைக்கு விறகு வெட்ட வந்த ஆட்களிடமிருந்து வன்னி மரங்களைக் காக்க, பிஷ்ணோய் மக்கள் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மரத்தோடு அவர்களையும் வெட்டினார்கள். முதலில் மாண்டவள் அமிர்தா தேவி என்ற பெண். மொத்தம் 363 பேர். அந்த நாளையே 2013-ம் ஆண்டு முதல் தியாகிகள் தினமாக வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வனத்துறைக் காரியாலயங்களில் மாண்டவர்கள் நினைவுக்கு மலர் வளையம் வைப்பார்கள். அங்கே பெரும்பாலும் வனத்துறையினர்தான் நிற்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் ஒரு நாள் அழைத்துப் போகலாம்.

திரும்பி வரும்போது

மாதேஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு மாலையில் மலை இறங்கினோம். வேறு பஸ். வேறு கண்டக்டர். காலையில் சொன்ன கதையைப் பையன் மறந்திருப்பான் என்று நினைத்தேன். பிரசாதத்தைத் தின்றுகொண்டு பேசாமல் வந்தான். பாலாறு வருவதற்கு முன் கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். பையன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணா, சீனிவாஸ் செத்த இடம் எங்கே இருக்கு?"

கண்டக்டர் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாரஸ்ட் ஆபீசரா கண்ணு? அது கோபிநத்தம் காட்டுக்குள்ள. பஸ் போகாது. நடந்துதான் போகணும்."

"எவ்வளவு தூரம் நடக்கணும்?"

கண்டக்டர் பதில் சொல்வதற்குள் சாவடி வந்துவிட்டது. விசில் ஊதினார். பஸ் நின்றது.